பாலைவனக் கூடாரத்தில் தங்கத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள்: கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் மதுரையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். குடும்பத்தாரையும் சேர்த்துப் பதினாறு பேர். வரும் அக்டோபரில் தாஷ்கண்ட், சமர்கண்ட், புகாரா, கீவா என்று ஒன்பது நாள் உஸ்பெகிஸ்தான் போகத் திட்டமிட்டிருக்கிறோம். நடுவில் ஒரு மலைக் கிராமத்தில் ஓர் இரவும் பாலைவனக் கூடாரத்தில் ஓர் இரவும் தங்க ஆசை. அந்த இரண்டு இரவும் ஓட்டலில் தங்காததால் போலீஸ் பதிவுச் சிக்கல் வரும், ஆளுக்கு 50 டாலர் கொடுத்தால் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் ஏஜென்ட். மொத்தப் பணத்தையும் குழுத் தலைவர் என்ற முறையில் என் கணக்கிலிருந்தே அனுப்பச் சொல்கிறார். பேசாமல் கிராமத்தையும் பாலைவனத்தையும் விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். அந்த 50 டாலரையும் கொடுக்க வேண்டாம். பதினாறு பேருக்கு அது 800 டாலர். கேட்பதற்கு எந்த நியாயமும் இல்லாத பணம்.

உஸ்பெகிஸ்தானில் வெளிநாட்டவர் தங்கும் இடம் அரசிடம் பதிவாக வேண்டும் என்பது உண்மைதான். சோவியத் காலத்து மிச்சம் அது. முன்பெல்லாம் ஓட்டல்தோறும் ஒரு துண்டுச் சீட்டு தருவார்கள். நாடு திரும்பும்வரை அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இப்போது ஓட்டல்காரரே உங்கள் பாஸ்போர்ட் விவரங்களை ‘இ-மெஹ்மோன்’ என்ற இணையப் பதிவேட்டில் ஏற்றிவிடுகிறார். அது அவருடைய கடமை. உரிமம் பெற்ற கிராமத்து விருந்தினர் இல்லமும் கூடார முகாமும் இதையேதான் செய்கின்றன. பயணிக்கு இதில் வேலையும் இல்லை, தனிக் கட்டணமும் இல்லை.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் கவனம் தேவை. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்று நடப்பது இங்கேதான். ‘கிராமத்து வீடு’ என்று பயணத்திட்டத்தில் எழுதிவிட்டு, உரிமம் இல்லாத ஏதோ ஒரு வீட்டில், பல நேரம் டிரைவருக்குத் தெரிந்தவர் வீட்டில், உங்களைத் தங்க வைப்பார்கள். அந்த வீட்டுக்காரர் பதிவேட்டில் இருக்க மாட்டார். எனவே உங்கள் பெயரும் ஏறாது. ஓர் ஊருக்கு வந்தபின் பதிவு செய்ய மூன்று நாள் அவகாசம் இருப்பதால், ஓர் இரவு இப்படிப் போனால் பெரிய ஆபத்தில்லை. கிராமத்திலேயே நான்கைந்து நாள் தங்கிவிட்டால் சிக்கல் உங்கள் தலையில்தான் விழும், அபராதமும் உண்டு. ஆகவே ஏஜென்ட்டிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அந்த இரண்டு இரவுக்கும் தங்கும் இடத்தின் பெயர் என்ன, எங்கள் பெயர்களை அவர்களே பதிவு செய்வார்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். பெயரைச் சொல்லத் தயங்கினால் வேறு ஏஜென்ட்டைப் பாருங்கள்.

விசா கொடுத்து உள்ளே விட்ட ஓர் அரசு, பயணி ஒவ்வோர் இரவும் எங்கே படுத்தார் என்று ஏன் கணக்கெடுக்க வேண்டும்? சுற்றுலாவை வளர்க்க இவ்வளவு செய்தவர்கள் இந்த விதியை மட்டும் இன்னும் தெளிவாக எடுத்துச் சொல்லவில்லை. விதி மங்கலாக இருக்கும்வரை இடைத்தரகர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு. உங்களுக்கு விற்கப்படுவது நிஜமான பாலைவனம்தானா? புகாராவிலிருந்து கீவா ஏறத்தாழ 450 கிலோமீட்டர். கிசில்கும் பாலைவனத்தின் ஊடாகப் பஸ்ஸில் ஏழு மணி நேரமாவது ஆகும். வழியில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தி, மணலில் நின்று படம் எடுக்கச் சொல்லி, அதையே ‘பாலைவன அனுபவம்’ என்று கணக்கில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சமர்கண்டுக்குப் பக்கத்திலுள்ள கோனிகிலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு ‘கிராம அனுபவம்’ என்பார்கள். கோனிகில் அருமையான இடம்தான். முசுக்கொட்டை மரத்தின் பட்டையை வேகவைத்து, நீர்ச்சக்கரம் தூக்கிப்போடும் மர உலக்கைகளால் இடித்து, பழைய முறையில் காகிதம் செய்வதைக் கண்ணெதிரே பார்க்கலாம். ஆனால் அது கிராமத்தில் தங்கும் இரவு ஆகாது.

நீங்கள் கேட்க வேண்டிய வழி இது: சமர்கண்டிலிருந்து நுராத்தா மலைத்தொடருக்குப் போய், சென்தோப் போன்ற கிராமத்தில் ஓர் இரவு. கல் சுவர் வீடுகளும் வால்நட் மரங்களும் ஓடையுமாக இருக்கும். அங்குள்ளவர்கள் பேசுவது தாஜிக் மொழி. மறுநாள் ஐதர்குல் ஏரிப் பக்கம் கூடார முகாம். மணல்வெளிக்கு நடுவே கடல்போலக் கிடக்கும் அந்த ஏரி பழையதல்ல. 1969இல் சிர்தரியா ஆற்றின் வெள்ளத்தை சர்தாரா அணையிலிருந்து தாழ்நிலத்துக்குத் திறந்துவிட்டதில் உண்டானது. அடுத்த நாள் நுராத்தா ஊரின் ஊற்றையும், அலெக்சாந்தர் கட்டியதாகச் சொல்லப்படும் கோட்டை மேட்டையும் பார்த்துவிட்டுப் புகாரா போய்ச் சேரலாம். திரும்பும்போது வந்த வழியே வராமல், கீவாவுக்குப் பக்கத்தில் இருக்கும் உர்கெஞ்ச் விமான நிலையத்திலிருந்து தாஷ்கண்டுக்குப் பறந்துவிடுங்கள். வயதானவர்கள் இருக்கும் குழுவுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

அக்டோபர் சரியான மாதம். ஆனால் இரவில் பாலைவனம் நடுங்க வைக்கும், கம்பளி ஆடை அவசியம். கூடாரம் என்பது மரச்சட்டத்தின் மேல் கம்பளிப் போர்வை கட்டிய வட்ட வீடு. தரையில் மெத்தை விரித்து ஐந்தாறு பேர் சேர்ந்து படுக்க வேண்டும். கழிப்பறை வெளியே சற்றுத் தள்ளி இருக்கும். மூட்டுவலி உள்ளவர் நடு இரவில் தரையிலிருந்து எழுந்து, தாழ்ந்த வாசலில் குனிந்து, இருட்டில் நடக்க வேண்டும். குழுவில் அப்படி யாராவது இருந்தால் கட்டில் போட்ட கூடாரம் உண்டா என்று இப்போதே கேளுங்கள். சில முகாம்களில் உண்டு. ஆளுக்கு ஒரு டார்ச் கட்டாயம்.

அடுத்தது பணம். பதினாறு பேரின் தொகையை உங்கள் கணக்கிலிருந்து அனுப்பாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் குழுத் தலைவர்கள் நல்ல மனதோடு சிக்கிக்கொள்கிறார்கள். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு ஏஜென்ட் டிசிஎஸ் வரி, அதாவது விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி, பிடிப்பார். அது பணம் கட்டியவரின் பான் எண்ணில் ஏறும். வருமான வரிக் கணக்கில் அவர்தான் அதை ஈடுசெய்யவோ திரும்பப் பெறவோ முடியும். மொத்தமும் உங்கள் பெயரில் ஏறினால் மற்ற பதினைந்து பேருக்கும் நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டிவரும். ஒருவர் பயணத்தை ரத்து செய்தால் திரும்பி வரும் பணமும் உங்களிடமே வரும், சண்டையும் வரும். அவரவர் தம் கணக்கிலிருந்து கட்டட்டும், அவரவர் பெயரில் ரசீது வாங்கட்டும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீர்கள்.

விசாவுக்கு உஸ்பெகிஸ்தான் அரசின் இ-விசா தளத்தில் ஒருமுறை நுழைவுக் கட்டணம் 20 டாலர். அதே போன்ற தோற்றத்தில் தனியார் தளங்களும் பல மடங்கு விலையில் இருக்கின்றன. முகவரி ‘கவ்.யுஇசட்’ (gov.uz) என்று முடிகிறதா என்று பார்த்து நீங்களே விண்ணப்பியுங்கள். தொல்லையெல்லாம் பெயரில்தான். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட் படிவம் அதைக் கேட்டதால் சிலர் அப்பா பெயரை எழுதியிருப்பார்கள், சிலர் காலியாக விட்டிருப்பார்கள். லட்சக்கணக்கான தமிழர்கள் பாஸ்போர்ட் எடுத்தபிறகும் அந்தப் படிவம் நம் பெயர்முறைக்கு இடம் கொடுக்கவில்லை. ஏஜென்ட் அலுவலகத்தில் அவசரமாக நிரப்புபவர் முன்பின்னாக மாற்றிவிடுவார். பாஸ்போர்ட் பக்கத்தின் அடியில் அச்சாகியிருக்கும் இரண்டு வரிகளில் முதல் வரியிலுள்ள பெயர் வரிசையே விசாவிலும் விமான டிக்கெட்டிலும் ரயில் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். பதினாறையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரயில் டிக்கெட்டில் இன்னொரு பொறி. தாஷ்கண்டிலிருந்து சமர்கண்டுக்கு அஃப்ராசியாப் அதிவேக ரயில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொள்ளும். சீசனில் சீக்கிரம் தீர்ந்துவிடும். ‘அஃப்ராசியாப் உறுதி’ என்று விளம்பரம் செய்துவிட்டுக் கடைசியில் பஸ்ஸில் ஏற்றுவார்கள். டிக்கெட் பயணியின் பெயரிலும் பாஸ்போர்ட் எண்ணிலும்தான் வழங்கப்படும். அந்த டிக்கெட்டைக் கண்ணால் பார்த்தபிறகே கடைசித் தவணையைக் கட்டுங்கள்.

சைவ உணவுக்காரர்கள் இருந்தால், புலாவில் இறைச்சியை மட்டும் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இறைச்சி வெந்த சாற்றிலேயே அரிசியும் வேகிறது. பூசணி வைத்த மந்தி (ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை போன்றது), தக்காளி வெங்காய சாலட், தந்தூர் ரொட்டி, தயிர் என்று முகாமுக்கும் கிராமத்துக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்கச் செய்யுங்கள்.

கடைசியாக, மருந்து. டிராமடால், கோடீன் கலந்த வலி நிவாரணிகள், இருமல் மருந்துகள், தூக்க மாத்திரைகள், மன அமைதிக்கான மாத்திரைகள் ஆகியவற்றை அந்நாட்டுச் சுங்கத்துறை போதைப்பொருள் விதிகளின்கீழ் பார்க்கிறது. குழுவில் யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள். அந்த வகை மருந்து எடுப்பவர், அதற்கு மாற்று உண்டா என்று டாக்டரிடம் கேட்கட்டும். மாற்று இல்லையென்றால் மருந்தின் வேதிப்பெயரும் அளவும் எழுதிய ஆங்கிலச் சீட்டுடன், பயண நாட்களுக்குத் தேவையான அளவை மட்டும், கடையில் வாங்கிய அட்டையிலேயே வைத்துக் கையில் கொண்டுபோகட்டும். சுங்கப் படிவத்தில் அறிவிக்கட்டும். மாத்திரைகளைப் பிரித்துச் சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப்போகும் வழக்கம் இந்தப் பயணத்துக்கு வேண்டாம்.