துலாமழைக்கு முன் வைக்கோல்: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கேள்விகள்

ஐப்பசி அறுப்பும் துலாமழையும் (வடகிழக்குப் பருவமழையைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்) எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் சேர்ந்தேதான் வரும். மாடு வைத்திருப்பவர்கள் கேட்டதற்கு, நாற்பது வருஷமாகச் சாணி அள்ளியவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

வேலந்தாவளத்துத் தம்பி: காலையில் வெயில் அடிக்கிறது, மூணு மணிக்கு இடி இடிக்கிறது. எப்படிண்ணா காய வைப்பது?

துலாமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். அதற்குத் தக்கபடி வேலை செய். பனி ஈரம் போகும் வரை கை வைக்காதே. அப்புறம் மெல்லிசாகப் பரப்பி, இரண்டு தடவை புரட்டு. ரெண்டு மணிக்குள் சின்னச் சின்னக் கூம்பாகக் குவித்துவிடு. தார்ப்பாயை உச்சிக்கு மட்டும் போடு. தரை வரை இழுத்து மூடினால் உள்ளே வேர்த்துவிடும். மறுநாள் பிரித்துப் போட்டால் போதும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும் மார்கழியில் இந்தப் பாடே இல்லை.

மீனாட்சிபுரத்து அக்கா: அறுத்துப் போட்ட புல் நனைந்துவிட்டது. அவ்வளவுதானா?

எப்போது நனைந்தது என்பதுதான் கேள்வி. அறுத்த அன்றே என்றால் பெரிய நட்டமில்லை, அக்கா. பச்சைப் புல்லில் 75, 80 சதவீதம் தண்ணீர்தானே. முக்கால்வாசி காய்ந்த பிறகு விழும் மழைதான் சத்தைக் கழுவிக்கொண்டு போகும். மேல் ஈரம் வடிந்ததும் உதறிப் போடுங்கள்.

காய்ந்துவிட்டதென்று எப்படித் தெரிந்துகொள்வது?

இலையைப் பார்த்து ஏமாற வேண்டாம், கணுவைப் பாருங்கள். நகத்தால் கீறினால் பச்சைத் தோல் உரிந்து வரக்கூடாது. சந்தேகமாக இருந்தால், மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் ஒரு பிடியைப் பொடியாக நறுக்கிப் போட்டு, ஒரு ஸ்பூன் காய்ந்த தூள் உப்பும் சேர்த்துச் சில நிமிஷம் குலுக்குங்கள். உப்பு கட்டி தட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது. கட்டு கட்டும்போது ஈரம் 15 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். 20 தாண்டினால் பூஞ்சைதான்.

கோவிந்தாபுரத்திலிருந்து: வைக்கோலை மெஷினில் உருளை கட்டி அடுக்கினோம். கை வைத்தால் சூடாக இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பயப்படுங்கள். ஒரு வருஷம் மேகம் கறுத்ததைப் பார்த்து, அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டி அடுக்கிவிட்டேன். அடுத்த வாரம் கொட்டகைக்குள் போனால் வெல்லம் அடிப்பிடித்த வாசம். நடுவில் கையை விட்டேன், வைத்திருக்க முடியவில்லை. பிரித்தபோது ஆவி எழும்பியது, உள்ளே புகையிலை நிறம். அவசரப்பட்டது நான்தான், மெஷின்காரரைச் சொல்லிக் குற்றமில்லை.

ஒரு இரும்புக் கம்பியை நடுவரை சொருகி, கால் மணி நேரம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள். வெதுவெதுப்பு என்றால் இடைவெளி விட்டு மாற்றி அடுக்கினால் சரியாகிவிடும். பிடிக்க முடியாத சூடு என்றால் பக்கத்தில் தண்ணீர் இல்லாமல் பிரிக்காதீர்கள். 65 டிகிரிக்கு மேல் போனதில் திடீரென்று காற்றுப் பட்டால் தீ பிடிக்கலாம்.

கடலைக்கொடியில் இலையெல்லாம் உதிர்ந்துவிடுகிறதே?

உச்சி வெயிலில் புரட்டினால் உதிரத்தான் செய்யும். சத்து முழுக்க இலையில்தான். விடியற்காலைப் பதத்தில் மெதுவாகப் புரட்டுங்கள்.

கோ-4 புல்லை (கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்) காய வைக்கலாமா?

வேண்டாம். அந்தத் தண்டு காய்வதற்குள் இலை தூளாகிவிடும். ஒரு நாள் வாட விட்டு, நறுக்கி, காற்றுப் புகாமல் டிரம்மில் மிதித்து ஊறுகாய்ப் புல்லாக்குங்கள்.

பூஞ்சை பிடித்ததைக் கழுவி, வெயிலில் போட்டுக் கொடுக்கலாமா?

கூடாது. வெள்ளைப் பொடி போகும், விஷம் போகாது. அது பாலிலும் இறங்கும். சினை மாட்டுக்குக் காட்டவே காட்டாதீர்கள். கட்டுத்தறியில் படுக்கையாகவும் போட வேண்டாம், மாடு மோந்து பார்த்துத் தின்றுவிடும். நேரே குப்பைக்குழிக்குக் கொண்டுபோங்கள்.