பட்டறைப் பதில்கள்: மெதுவாகப் போகும் மின்சாரக் கார்

கேள்வி: வீட்டிலிருந்து ஆபீஸ் 6 கிலோமீட்டர். வழியில்தான் மகனின் பள்ளி. மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத இரண்டு சீட் மின்சாரக் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். "பொம்மை வண்டி" என்று சிரிக்கிறார் கணவர். வாங்கலாமா சார்?

பதில்: அவருக்குப் பதில் சொல்லும் முன் ஒரு வேலை செய்யுங்கள் அம்மா. நாளை ஆபீஸ் போகும்போது வண்டியை மறந்துவிட்டு வழியை மட்டும் பாருங்கள். எல்லோரும் எழுபது, எண்பதில் பறக்கிற சாலை ஏதாவது குறுக்கே வருகிறதா? மேம்பாலம், புறவழிச்சாலை? வேகமான சாலையைச் சிக்னலில் நின்று கடந்துவிடலாம், தவறில்லை. அதன் மேலேயே கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும் என்றால் வேறு வழி தேடுங்கள். வேறு வழி இல்லையென்றால் இந்த வண்டி உங்களுக்கு ஆகாது.

காரணம் எளிய கணக்கு. நீங்கள் 40இல் போகிறீர்கள், பின்னால் வருபவர் 80இல் வருகிறார். நூறு மீட்டர் இடைவெளி ஒன்பது விநாடியில் தீர்ந்துவிடும். அவர் போனைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே தினமும் ஓட்ட முடியுமா? அமெரிக்காவில் 1998இல் இந்த வகை வண்டிக்குத் தனி விதி வகுத்தார்கள். உச்ச வேகம் மணிக்கு 25 மைல், அதாவது சுமார் 40 கிலோமீட்டர். பெரும்பாலான மாநிலங்களில் வேக வரம்பு 35 மைலுக்கு மேல் உள்ள சாலையில் இதை ஓட்டக்கூடாது. உங்கள் ஊர் விதி எதுவானாலும், வண்டிக்கும் சாலைக்கும் வேகம் ஒத்துப்போக வேண்டும் என்கிற அந்த யோசனையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வழி தெருக்களாகவே அமைந்துவிட்டால் சிரிப்பது உங்கள் முறை. 6 கிலோமீட்டரை நிற்காமல் 40இல் ஓட்டினால் 9 நிமிடம். 60இல் ஓட்டினால் 6 நிமிடம். மூன்று நிமிட வித்தியாசம், அதுவும் வழியில் சிக்னலே இல்லாவிட்டால்தான். நெரிசலில் பெரிய காரும் உங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருக்கும். ஆனால் பார்க்கிங்கில் பெரிய கார்க்காரர் இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது நீங்கள் நிறுத்திவிட்டுப் போய்விடுவீர்கள். ஐரோப்பாவில் ஓடும் இதே வகை மின்சார வண்டியான சிட்ரோயன் அமி 2.41 மீட்டர்தான் நீளம்.

மகனுக்காக ஒன்று: குழந்தை சீட்டை இறுக்கிக் கட்ட இடம் இருக்கிறதா என்று அந்தச் சீட்டையே கடைக்கு எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள். விற்பவர் தலையாட்டினால் மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: ஒரு சார்ஜில் 75 கிலோமீட்டர் ஓடும் என்று சொல்லி விற்றார்கள். 40ஐத் தாண்டுவதில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: அப்படியே முடிவு கட்டிவிடாதீர்கள். மேலே சொன்ன அமியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பேட்டரியில் 5.5 யூனிட், அதற்கு 75 கிலோமீட்டர். ஆக ஒரு கிலோமீட்டருக்கு 73 வாட் மணி. சாதாரண மின்சாரக் காரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பாதிச் செலவு. நல்ல விஷயம்தான், ஆனால் மொத்தக் கையிருப்பே குறைவு என்பதால் எந்தச் சின்னச் செலவும் பெரிதாகத் தெரியும். ஒரு கிலோவாட் ஹீட்டரை ஒரு மணி நேரம் போட்டால் ஒரு யூனிட் போச்சு, அதாவது 14 கிலோமீட்டர். இரண்டு பேரோடு நூறு மீட்டர் உயரம் ஏறினால் இன்னும் மூன்று கிலோமீட்டர் போகும். இறங்கும்போது அதில் கொஞ்சம்தான் திரும்பி வரும்.

இப்படி வரும் வண்டியில் பேட்டரியை நான் கடைசியாகத்தான் தொடுவேன். முதலில் டயர் காற்று. அப்புறம் ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்ப்பேன். பிரேக் உரசிக்கொண்டே ஓடும் வண்டிகள் பட்டறைக்கு நிறைய வரும். மோட்டார் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு போவதால் ஓட்டுகிறவருக்குத் தெரிவதில்லை.

அதிலும் கோளாறு இல்லையென்றால் பேட்டரி. உங்களுடையது லெட் ஆசிட் என்று எழுதியிருக்கிறீர்கள். 12 வோல்ட் பேட்டரி ஆறு வரிசையாக 72 வோல்ட் வண்டியில், ஒன்று நொந்தாலும் மற்ற ஐந்தும் அதோடு சேர்ந்து படுத்துவிடும். வண்டியை ஓடவிட்டு, லோடு இருக்கும்போது ஒவ்வொன்றாக அளக்கச் சொல்லுங்கள். நிற்கும்போது அளந்தால் எல்லாமே நல்லபிள்ளைதான். கெட்டது ஒன்றை மட்டும் மாற்றினால் பழையவை புதியதையும் கெடுக்கும், செட்டாக மாற்றுவதுதான் என் வழக்கம். லெட் ஆசிட்டைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்காதீர்கள், அரைச் சார்ஜில் நாள்கணக்கில் விடாதீர்கள். மூடி திறக்கும் வகையென்றால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டம் பாருங்கள்.

லித்தியத்துக்கு மாறலாம், எடை வெகுவாகக் குறையும். ஆனால் பழைய சார்ஜரைத் தூக்கி வைத்துவிடுங்கள், இரண்டுக்கும் சார்ஜ் முறை வேறு. உறைகுளிரில் லித்தியத்தைச் சார்ஜ் போடக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: மழையில் ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம். தேங்கிய நீர் வண்டியின் தரைத் தட்டைத் தொடும் அளவு இருந்தால் திரும்பிவிடுங்கள். கதவு தனி விலை என்று விற்கும் மாடல்களில் கதவைச் சேர்த்தே வாங்குங்கள்.

கேள்வி: மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலரில்தான் வேகத்தைப் பூட்டியிருக்கிறார்களாம். லேப்டாப்பை இணைத்தால் 60 போகும் என்கிறான் நண்பன். செய்யலாமா அண்ணா?

பதில்: வேண்டாம் தம்பி. நண்பன் சொல்வது பல மாடல்களில் உண்மைதான், மோட்டார் போகும். 40இலிருந்து 60க்குப் போனால் பிரேக் தாங்க வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்கு. பிரேக்கும் டயரும் சேசிஸும் அதே 40க்குச் செய்தவை. காற்றை எதிர்த்துத் தள்ளும் செலவும் ஏறுவதால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையும். இவ்வளவும் போக, அந்த வேகத்தில் அது சட்டப்படி வேறு வகை வண்டி. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் முதலில் கண்ட்ரோலரைத்தான் படிப்பார்கள். 60 வேண்டுமென்றால் 60க்குச் செய்த வண்டியை வாங்கு.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. பெரிய காரை விற்றுவிட்டார். இந்தச் சின்ன கார் அவருக்குப் பாதுகாப்பா?

பதில்: மெதுவாகப் போகும், அதனால் பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. நாம் மெதுவாகப் போவோம், நம்மை இடிப்பவர் மெதுவாக வருவார் என்று யார் சொன்னது? இந்த வகையில் ஏர்பேக் பெரும்பாலும் இருக்காது. 2014இலும் 2016இலும் கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் இப்படிச் சில குட்டி வண்டிகளை மணிக்கு 50 கிலோமீட்டரில் மோதிப் பார்த்தது. சாதாரண காரின் பக்கத்திலேயே இவை வர முடியாத அளவுக்கு முடிவுகள் மோசம். சீட் பெல்ட் போடாமல் தெருமுனைக்குக்கூடப் போகக்கூடாது என்று அவரிடம் கறாராகச் சொல்லுங்கள்.

பார்வை, கழுத்துத் திருப்பம், கால் வேகம் இவை குறைந்ததால் பெரிய காரை விட்டார் என்றால் இதுவும் கூடாது. பார்க்கிங் தொல்லையால் விட்டார் என்றால் தாராளமாக.

வாங்கும் முன் அவரையே கூட்டிப்போங்கள். ஏறி இறங்க உயரம் சரியா, கதவு இடிக்கிறதா என்று அவர் சொல்லட்டும். முக்கியமாக முன்னால், பின்னால் போவதற்கான ஸ்விட்ச். பல மாடல்களில் அது விரலளவு ஸ்விட்ச்தான். நின்றிருக்கும்போது இன்ஜின் சத்தமும் இருக்காது, வண்டி உயிரோடு இருப்பதே தெரியாது, முன்னால் போக நினைத்துப் பின்னால் போய்விடலாம். ரிவர்ஸில் போட்டால் பீப் சத்தம் அவர் காதில் விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் சத்தமான பஸ்ஸர் ஒன்றை எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனும் அரை மணி நேரத்தில் மாட்டித் தருவார்.