பக்கத்தில் டைல்ஸ் வெட்டுகிறார்கள், குழந்தை தூங்கமாட்டேன் என்கிறது

பெரம்பூரில் பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள், 10 மாதப் பையன் மதியம் தூங்கிய கால் மணி நேரத்தில் அலறி எழுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். மடிப்பாக்கத்தில் எங்களுக்கும் இதே கூத்துதான்.

முதலில் ஓனரை விடுங்கள், மேஸ்திரியிடம் பேசுங்கள். நான் ஒரு சொம்பு மோருடன் போய், "அண்ணே, ஆளுங்க எத்தனை மணிக்குச் சாப்பிடப் போவாங்க?" என்றுதான் கேட்டேன். ஒரு மணி என்றார். மகளை 12.45க்கே தூளியில் போட ஆரம்பித்தேன். கட்டர் மறுபடி கிறீச்சிடும்போது நல்ல உறக்கத்தில் இருந்தாள். சில நாள் அவரே, "பாப்பா எழுந்துடுச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டார்.

தூளியைச் சத்தம் வரும் சுவருக்கு எதிர்ப்பக்க அறைக்கு மாற்றுங்கள். கதவடி இடுக்கில் பழைய புடவையைச் சுருட்டி வையுங்கள். எல்லா ஜன்னலையும் மூடாதீர்கள், இந்த வெயிலில் புழுங்கிவிடும். போனில் மழைச்சத்தம் போட்டால் குறைந்தது 2 மீட்டர் தள்ளி, மெதுவாக. காதில் பஞ்சு மட்டும் வேண்டவே வேண்டாம்.

சட்டம்? ஒலி மாசு விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் என்கின்றன. கட்டர் அதைத் தாண்டும்தான், ஆனால் புகார் நகர்வதற்குள் டைல்ஸ் வேலையே முடிந்துவிடும். இரவு 10 முதல் காலை 6 வரை மெஷின் ஓட்டினால் யோசிக்காமல் 100க்குப் போன் போடுங்கள்.