தூண்கள் இருந்த இடத்தில் புள்ளிகள்

கேள்வி: பாளையங்கோட்டையில் சிறிய கட்டட வடிவமைப்பு அலுவலகம் நடத்தி வருகிறேன். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிப்பதற்காக, அதன் தார்சாவிலுள்ள (முன்கூடம்) மரத்தூண்களையும், தூண்களின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகைகளையும் அளந்து, ஆர்க்கிகேட் என்னும் கட்டட வரைகலை மென்பொருளில் ஆப்ஜெக்ட்களாக (வரைபடத்தில் வைக்கும் ஆயத்தப் பொருள்கள்) செய்திருந்தோம். கோப்பை வேறு கணினியில் திறந்தால் அவை இருந்த இடத்தில் புள்ளிகள் மட்டுமே தெரிகின்றன. மீண்டும் வரைய வேண்டுமா? இனி இவற்றை எங்கே வைப்பது?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: மீண்டும் வரைய வேண்டாம், முக்கியமாக, அந்தப் புள்ளிகளை அழித்துவிடாதீர்கள். ஆப்ஜெக்ட்களைச் சேர்த்துவைக்கும் தொகுப்பே லைப்ரரி. வெளியிலிருந்து இணைக்கப்பட்ட லைப்ரரியின் தூண் எதுவும் பி.எல்.என். என்னும் திட்டக் கோப்புக்குள் முழுமையாக இருப்பதில்லை. அது எந்த ஆப்ஜெக்ட், எங்கே நிற்கிறது, நீங்கள் கொடுத்த உயரமும் தடிமனும் என்ன என்பவை மட்டுமே அதில் பதிவாகியிருக்கும். ஆகவே பழைய கணினியிலுள்ள ஃபோல்டரைக் கொண்டுவந்து, லைப்ரரி மேனேஜரில் சேர்த்து மறுபடி ஏற்றினால், தூண்கள் பழைய அளவுகளோடு தத்தம் இடத்தில் வந்து நிற்கும்.

எங்கே வைப்பது என்பதற்கு, ‘இதை நாளை திருத்தினால் வேறெந்த வரைபடம் மாற வேண்டும்?’ என்று கேட்டுக்கொள்வதே போதுமானது. அம்பாசமுத்திரத்துத் தூண் அந்த வீட்டுக்கே உரியது என்பதால், திட்டக் கோப்போடு சேர்ந்தே பயணிக்கும் எம்பெடட் லைப்ரரியில் அதை வையுங்கள். எல்லா வீடுகளுக்கும் பயன்படுத்தும் ஜன்னலும் வாஷ்பேசினும் அலுவலகத்தின் பொது லைப்ரரியில் இருக்கட்டும். ஆனால் பொது ஜன்னல் ஒன்றை இன்று ஒருவர் திருத்தினால், கொத்தனார் கையில் அச்சுப்படி போய்ச் சேர்ந்துவிட்ட வேறொரு வீட்டின் கோப்பிலும், அடுத்து லைப்ரரியை ஏற்றும்போது அது மாறிவிடும். அதனால் பொது லைப்ரரியைத் திருத்தும் உரிமை ஒருவரிடம் மட்டும் இருப்பது நல்லது. முடிந்த தொகுப்பை எல்.சி.எஃப். என்னும் ஒற்றைக் கோப்பாக்கி வைத்தால், உள்ளிருக்கும் பொருள்களில் யாரும் போகிறபோக்கில் கைவைக்க முடியாது.

இன்னொரு தொல்லை இரட்டைப் பதிவு. ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் பெயரைத் தவிர உள்ளடையாள எண் ஒன்று உண்டு. விண்டோஸ் ஃபோல்டரில் நகலெடுத்துப் பெயரை மாற்றினாலும் அந்த எண் மாறாது. இரண்டையும் ஏற்றினால் மென்பொருள் தடுமாறும். தூணில் புதிய வகை வேண்டுமானால், ஆர்க்கிகேடுக்குள்ளேயே திறந்து வேறு பெயரில் சேமியுங்கள். அப்போதுதான் புதிய எண் கிடைக்கும். பென்டிரைவ் வழியே ஃபோல்டர்களைக் கைமாற்றும் நம் ஊர் வழக்கத்தில், இந்தக் குழப்பத்துக்கு எப்போதும் இடமிருக்கிறது.

மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறும்போது பழைய லைப்ரரியை உடனே நீக்கிவிட வேண்டாம். பழைய கோப்புகள் அதையே தேடும். வேலை முடிந்த திட்டத்தைப் பி.எல்.ஏ. என்னும் காப்பகக் கோப்பு வடிவில் சேமித்தால், பயன்படுத்திய பொருள்கள் அனைத்தும் அதனுள்ளேயே அடங்கிவிடும். ஏற்றியுள்ள லைப்ரரிகள் முழுவதையும் சேர்க்கும் வாய்ப்பும் அங்கே இருக்கும். கோப்பு வீணாகப் பெரிதாகிவிடும் என்பதால், தேவையில்லாமல் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.