போரில் குக்கிராமங்களை எதற்காகப் பிடிக்கிறார்கள்? அங்கே அப்படி என்ன இருக்கிறது?

உக்ரைனில் வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஊர்களைக்கூட ரஷ்யப் படை ஏன் பிடித்தது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லா ஊருக்கும் பொருந்தும் பதில் என்னிடம் இல்லை. ஒரே ஒரு ஊரைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன், அதைச் சொல்கிறேன்.

ஊரின் பெயர் யாஹிட்னே. உக்ரைனிய மொழியில் 'யாஹொடா' என்றால் பெர்ரிப் பழம். அதிலிருந்து வந்த பெயர். வடக்கே செர்னிஹிவ் நகரத்துக்குத் தெற்கில் சுமார் 15 கிலோமீட்டரில், கீவ் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. சில நூறு பேர் வாழும் ஊர். சுரங்கமோ தொழிற்சாலையோ காரணம் இல்லை. செர்னிஹிவை முற்றுகையிட்ட படைக்குத் தங்க ஓர் இடம் தேவைப்பட்டது. இங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, அதற்கு ஒரு நிலவறையும் இருந்தது. உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் இவ்வளவுதான். மீதி, அந்த நிலவறையின் கதை.

2022 மார்ச் 3 அன்று படை ஊருக்குள் நுழைந்தது. பள்ளியில் தளம் அமைத்துக்கொண்டு, ஊராரை வீடுகளிலிருந்து கிளப்பி அதே கட்டடத்தின் கீழே அடைத்தார்கள். உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்று சொன்னார்களாம். மேலே ராணுவம், கீழே பொதுமக்கள் என்றால் உக்ரைன் பீரங்கி அந்தக் கட்டடத்தைக் குறிவைக்கத் தயங்கும். யார் யாரைப் பாதுகாத்தார்கள் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் அறிக்கைப்படி 360 பேர், அவர்களில் 74 பேர் குழந்தைகள், 28 நாள். இடமோ ஏறத்தாழ 200 சதுர மீட்டர். ஆளுக்கு அரை சதுர மீட்டருக்குச் சற்றே அதிகம். விரித்த செய்தித்தாளைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவே. படுக்க முடியாது. சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகளில் பெரியவர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்தே இருந்ததில் கால்கள் வீங்கின. தூக்கத்தில் சரிந்து விழாமலிருக்க, சுவரோரத்து உடற்பயிற்சிக் கம்பிகளில் தன்னைத் துணியால் கட்டிக்கொண்டு தூங்கினார் ஒருவர். கழிப்பறைக்குப் பதில் வாளி.

காற்றோட்டம் இல்லை என்பதுதான் எல்லாவற்றிலும் கொடியது. முதியவர்களுக்கு முதலில் புத்தி தடுமாறியது. சம்பந்தமில்லாமல் பேசினார்கள், பிறகு அடங்கிப்போனார்கள். பத்து முதியவர்கள் அப்படி இறந்தார்கள். குண்டு படவில்லை, கத்தி படவில்லை. உடல்களை வெளியே கொண்டுபோவதற்கும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டும். அனுமதி கிடைத்து மயானத்துக்குப் போனபோது அங்கே குண்டு விழுந்தது. போனவர்கள் தாங்கள் வெட்டிய குழிகளுக்குள்ளேயே குதித்துப் படுத்தார்கள்.

கைப்பேசிகளைப் பறித்துவிட்டதால் நாள் மறந்துவிடாமலிருக்கக் கதவருகே சுவரில் தேதிகளை எழுதிவந்தார்கள். கதவின் ஒரு பக்கம் சுட்டுக் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள், மறுபக்கம் உள்ளேயே இறந்தவர்களின் பெயர்கள். இந்தப் பிரிப்பை முதலில் படித்தபோது எனக்கு விளங்கவில்லை; சாவு சாவுதானே என்று தோன்றியது. இப்போது அது வேறு மாதிரி படுகிறது. மூச்சு முட்டி இறந்த பாட்டியை, வயதாகி இறந்தார் என்று பின்னாளில் யாரும் எழுதிவிட முடியாது. மற்ற சுவர்களில் குழந்தைகள் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

மார்ச் 30 அன்று படை கிளம்பியது. மறுநாள் உக்ரைன் வீரர்கள் வந்தார்கள். 2024 மார்ச்சில் செர்னிஹிவ் நீதிமன்றம் ஒன்று ரஷ்ய வீரர்கள் 15 பேருக்கு 8 முதல் 12 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. ரஷ்யாவின் துவா பகுதியைச் சேர்ந்த படைப்பிரிவினர். பதினைந்து பேரில் ஒருவர்கூட நீதிமன்றத்தில் இல்லை.