வாழையில் நூற்புழு: கேள்வி பதில்

கேள்வி: குலை தள்ளிய மரம் லேசான காற்றுக்கே வேரோடு சாய்கிறது. வேரைத் தாக்கும் நுண்புழுவான நூற்புழுவா, வாடல் நோயா?

பதில்: வேரைக் கழுவி நீளவாக்கில் பிளந்து பாருங்கள். புறப்பட்டையில் செம்பழுப்புத் திட்டுகள், நடு நரம்பு மட்டும் வெள்ளை என்றால் குடையும் நூற்புழுவோ வேர் அழுகல் நூற்புழுவோதான். வேர் முண்டு முண்டாக வீங்கியிருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. வாடல் நோயில் தண்டுக்குள் சாறு ஓடும் குழாய்களே நிறம் மாறும். கிழங்கில் சுரங்கம் இருந்தால் கூன்வண்டு.

கேள்வி: கன்று நேர்த்தி, அதாவது நடுமுன் கன்றிலுள்ள புழுவை நீக்குவது, எப்படி?

பதில்: எல்லாமே இதில்தான் இருக்கிறது. கன்று தோண்டிய இடத்திலேயே வேரை அறுத்து, வெள்ளைச் சதை தெரியும்வரை கிழங்கைச் சீவுங்கள். சீவச் சீவக் கருப்பு உள்ளே போய்க்கொண்டே இருந்தால் அந்தக் கன்றைக் கழித்துவிடுங்கள். பிறகு 53–55 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம். கன்று விழுந்ததும் சூடு சட்டென இறங்கும். 50 வரை போனால் வேலை அரைகுறை, 60ஐத் தொட்டால் குருத்து வெந்துவிடும். அதனால் தண்ணீர் நிறைய, கன்று கொஞ்சம். தெர்மாமீட்டர் இல்லையா? கொதிக்கும் நீரில் எண்ணி 30 விநாடி. இதில் சூடு மேலோடு நிற்கும், ஆகவே சீவாத கிழங்குக்கு இது உதவாது. சிறிய ஈட்டிக் கன்றாக (இலை ஒடுங்கி ஈட்டிபோல் இருப்பது) தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: திசு வளர்ப்புக் கன்றுக்கு நூற்புழு வராதுதானே?

பதில்: கன்றில் புழு இருக்காது. எதிர்ப்புச் சக்தியும் இருக்காது. பையில் நிரப்பிய மண்ணில் புழு இருந்தால் நாற்றங்காலிலேயே ஏறிவிடும்.

கேள்வி: எந்த மருந்து போடலாம்?

பதில்: கன்று நேர்த்தி பற்றிய பதிலைப் படியுங்கள்.

கேள்வி: வாழைக்கு நடுவே செண்டுமல்லி போட்டால் புழு போய்விடும் என்கிறார்களே?

பதில்: போகாது. நட்ட வாழையில் புழு வேருக்குள் இருக்கிறது, செண்டுமல்லி வேர் அங்கே எட்டாது.

கேள்வி: அதன் வேரில் உள்ள வேதிப்பொருள் நூற்புழுவைக் கொல்வது நிரூபணமானதுதானே?

பதில்: உண்மைதான். ஆனால் அதன் வேருக்குள் நுழையும் புழுவுக்குத்தான் அது எமன். குடையும் நூற்புழுவோ வாழை வேருக்குள்ளேயே முட்டையிட்டு, மூன்று நான்கு வாரத்தில் அடுத்த தலைமுறையை எடுத்துவிடுகிறது. வெளியே வந்தால்தானே சாகும்? செண்டுமல்லியோ சணப்போ, வாழை நடுவதற்கு முன்னால் வயல் முழுக்கப் போட்டு மடக்கி உழுங்கள். அப்போது நானும் உங்கள் கட்சி.

கேள்வி: சரி, மறுதாம்பில் (முதல் அறுவடைக்குப் பின் பக்கக் கன்றிலிருந்து வளரும் வாழையில்) மரமெல்லாம் சாய்கிறது. என்ன மருந்து?

பதில்: மருந்தைத் தேடாதீர்கள், வாழையை அழியுங்கள். வாழை வேரோ வேறு தீனிச் செடியோ இல்லாத மண்ணில் குடையும் நூற்புழு ஆறு மாதம் தாண்டுவது கடினம். இடையில் பழைய கிழங்கு ஒன்று துளிர்த்தாலும் அந்த ஆறு மாதத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும்.