கோனி ஸ்ட்ரீட் பக்கம் ரூம் பார்க்கிற தம்பிக்கு

தம்பி, செப்டம்பர்ல இங்கிலாந்துக்கு, யார்க்குக்குப் படிக்க வர்றதா எழுதியிருக்கீங்க. ரூம் கோனி ஸ்ட்ரீட் பக்கத்துல, அந்த 'கோனி'ன்னா என்ன, எத்தனை ஸ்வெட்டர் கொண்டு வரணும், பொன்னி அரிசி கிடைக்குமான்னு கேட்டிருக்கீங்க. கடைசியில போறபோக்குல ஒரு வரி: "நம்ம ஊர் அண்ணன் ஒருத்தர்தான் ரூம் பார்த்துத் தந்தாரு, மூணு மாச அட்வான்ஸை இந்த வாரமே அனுப்பச் சொல்றாரு." அந்த வரியைத் தாண்டி என்னால படிக்க முடியலை. அரிசி கிடைக்கும். ஸ்வெட்டர் ரெண்டு போதும். மத்ததை இப்ப பேசுவோம்.

கோனிங்கிறது முயலுக்கு இங்கிலீஷ்ல இருந்த பழைய பேரு. நான் அதை முதல்ல பார்த்தது ஒரு கோட்டோட உள்பக்கம். 2004 ஜனவரியில வந்தவ நான். தானமா வந்த பழைய சாமானை விக்கிற சாரிட்டி கடையில எட்டு பவுண்டுக்கு ஒரு கறுப்பு கோட் வாங்கினேன், கழுத்துப்பட்டியில மெத்துன்னு ரோமம். உள்ளே தைச்சிருந்த துண்டுல 'கோனி'ன்னு இருந்துச்சு. கம்பெனி பேருன்னு நினைச்சேன். நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்துல ஒரு பாட்டியம்மா அதைத் தடவிப் பார்த்துட்டு, "இது முயல் தோல்மா, முயல்னு சொன்னா மவுசு இருக்காதுன்னு இப்படிப் போடுவாங்க"ன்னாங்க. ரோம வியாபாரத்துல இன்னைக்கும் அந்தப் பேரு இருக்கு.

ஊர்ல எங்க ஆச்சி பைபிள்ல நீதிமொழிகள் முப்பதாம் அதிகாரத்தைப் பார்க்காம சொல்லுவாங்க. கன்மலையில வீடு தோண்டுற 'குழிமுசல்' அதுல வரும். 1611-ல இங்கிலீஷ்ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல அதே இடத்துல இருக்கிறது 'கோனி'. உண்மையில அது பாறை இடுக்குல வாழுற வேற ஒரு பிராணி, யானைக்குத்தான் தூரத்துச் சொந்தம். அந்த மிருகத்தைக் கண்ணால பார்க்காத இங்கிலீஷ்காரங்க தங்களுக்குத் தெரிஞ்ச பேரை வச்சுட்டாங்க.

இந்த நாட்டு முயலே வந்தேறிதான் தம்பி. பிரான்ஸ் பக்கமிருந்து நார்மன்கள் படையெடுத்து வந்ததுக்கப்புறம், 12-ஆம் நூற்றாண்டு வாக்குல, கறிக்கும் தோலுக்கும் கொண்டாந்து வளர்த்தது. லத்தீன்ல 'குனிகுலுஸ்'. அதுக்கு முயல்னும் அர்த்தம், பூமிக்கடியில போற சுரங்கம்னும் அர்த்தம். அது பிரெஞ்சு வழியா இங்க வந்து கோனி ஆச்சு. அப்ப வளர்ந்த முயல்தான் கோனி, குட்டிக்கு மட்டும்தான் ராபிட்னு பேரு. பிற்பாடு குட்டியோட பேரே எல்லா முயலுக்கும் ஆகிப்போச்சு. உச்சரிப்பும் முன்னே 'கனி'தான், இங்கிலீஷ்ல தேனுக்குச் சொல்ற ஹனி, காசுக்குச் சொல்ற மனி மாதிரி. பொம்பளைங்க உடம்பைச் சொல்ற ஒரு கெட்ட வார்த்தை மாதிரியே காதுல விழுந்ததால, சர்ச்சுல பைபிளைச் சத்தமா வாசிக்கச் சங்கடப்பட்டு 19-ஆம் நூற்றாண்டுல 'கோனி'ன்னு நீட்டிட்டாங்க.

ஆனா உங்க கோனி ஸ்ட்ரீட்டுக்கும் முயலுக்கும் சம்பந்தம் இல்லை. யார்க் ஒரு காலத்துல வைக்கிங்குகள்னு வடக்கேயிருந்து கடல் தாண்டி வந்தவங்க ஆண்ட ஊரு. அவங்க பாஷையில ராஜாவைக் குறிக்கிற சொல்தான் தேய்ஞ்சு இப்படி ஆயிருக்கு. அது ராஜா தெரு.

கோனிக்கு இன்னொரு அர்த்தம் உண்டு. அதுக்காகத்தான் இவ்வளவு எழுதுறேன். ஷேக்ஸ்பியர் காலத்து லண்டன்ல கோனின்னா ஏமாறுற ஆள். ஏமாத்துறதுக்குப் பேரு கோனி பிடிக்கிறது. 1591-ல ராபர்ட் கிரீன்ங்கிற எழுத்தாளர் அந்தத் தொழிலைப் புட்டுப்புட்டு வச்சு ஒரு சின்னப் புத்தகம் போட்டாரு. கிராமத்துல இருந்து லண்டனுக்கு வர்ற ஆளை, முரட்டுத் துணிக் கோட்டையும் இடுப்புப் பையையும் வச்சே அடையாளம் கண்டுபிடிப்பாங்களாம். முதல்ல ஒருத்தன் பேச்சுக் குடுத்து, பேரு என்ன, எந்த ஊருன்னு கறந்துப்பான். அதை அடுத்தவன் காதுல போடுவான். அவன் தெருத் திருப்பத்துல எதிர்ல வந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஊர்ல நம்ம ஆளுங்க எல்லாம் சௌக்கியமான்னு கேப்பான். அப்புறம் சாராயக் கடை, சீட்டாட்டம். வந்தவன் பை காலி.

லைப்ரரியில இதைப் படிச்சப்ப எனக்குக் கை நடுங்கிச்சு. ஏன்னா லண்டன்ல ஈஸ்ட் ஹாம்ல எனக்கு நடந்தது அச்சு அசல் இதுதான். காய்கறிக் கடையில முருங்கைக்காய் எடுத்துக்கிட்டு நிக்கிறேன், ஒரு அம்மா, "எந்த ஊரும்மா?"ன்னாங்க. பாளையங்கோட்டைன்னேன். சமாதானபுரமா, முருகன்குறிச்சியான்னு கேட்டாங்க. வந்து ஆறு நாள் ஆன எனக்கு அந்தப் பேரைக் கேட்டதும் அழுகை வந்துடுச்சு. ரெண்டு நாள் கழிச்சு அதே கடை வாசல்ல ஒரு அண்ணாச்சி, "முருகன்குறிச்சிப் பொண்ணுதானே, ரூம் தேடுறியாமே"ன்னாரு. முந்நூறு பவுண்டு வாங்கிக்கிட்டு ஒரு பழைய கவர் பின்னால எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. சனிக்கிழமை பெட்டியோட போய்க் கதவைத் தட்டினா, கைக்குழந்தையோட ஒரு பொண்ணு திறந்தா. அப்படி யாரையும் தெரியாதுன்னா. அவ தண்ணி குடுத்தா, அதைக்கூட இன்னும் மறக்கலை.

எனக்கு அந்த ஆள்மேல இருக்கிற கோபத்தைவிட, தெரிஞ்சும் பேசாம இருந்தவங்க மேலதான் கோபம். எனக்கு முன்னாடி ரெண்டு பொண்ணுங்க அதே ஆள்கிட்ட பணம் விட்டிருக்காங்க. அந்த வட்டாரத்துல நாலு பேருக்குத் தெரியும். கேட்டதுக்கு, "வெளியில சொன்னா நம்ம ஜனங்க பேரு கெட்டுடும்"னாங்க. இருபது வருஷமா நான் எங்க போனாலும் இதைச் சொல்றேன், சிலருக்கு என்னைப் பிடிக்காது.

அப்ப எனக்கு இல்லாத சட்டம் இப்ப உங்களுக்கு இருக்கு. வாடகைக்கு விடுறவங்க அஞ்சு வார வாடகைக்கு மேல டெபாசிட், அதாவது நம்ம ஊர் அட்வான்ஸ், கேக்கக் கூடாது, 2019-லேர்ந்து. ரூமைப் பிடிச்சு வைக்கணும்னா ஒரு வார வாடகைதான். டெபாசிட்டை வாங்கின 30 நாளைக்குள்ள அரசு அங்கீகரிச்ச பாதுகாப்புத் திட்டத்துல போட்டு, எதுல போட்டிருக்குன்னு எழுத்துல தரணும். வீட்டு ஓனரோடயே தங்குற ரூம்னா இந்தப் பாதுகாப்புத் திட்டம் வராது, அப்ப இன்னும் கவனம் வேணும். அந்த அண்ணன்கிட்ட கேளுங்க: வீடு யார் பேர்ல இருக்கு, ஒப்பந்தம் எங்கே, வீடியோவுல வாசக்கதவுல இருந்து நடந்து காட்டுவாரா. நல்லவரா இருந்தா கோவிச்சுக்க மாட்டாரு. கோவிச்சுக்கிட்டா விட்டுடுங்க. முதல்ல கொஞ்ச நாள் தற்காலிகமா வேற இடத்துல தங்கிட்டு, நேர்ல பார்த்து முடிவு பண்ணுங்க. கூடுதல் காசுதான், பரவாயில்லை.

நான் இப்ப லீட்ஸ்ல இருக்கேன். பஸ் டைம்டேபிள் படிக்கத் தெரியாம வந்தவ, இன்னைக்கு வார்டுல வர்ற புதுப்பிள்ளைங்களுக்கு வாடகை ஒப்பந்தத்தை வரிவரியா வாசிச்சுக் காட்டுறேன். அந்தக் கறுப்பு கோட் இன்னும் கதவுக்குப் பின்னால தொங்குது, கழுத்துல முயல் ரோமம் பாதி உதிர்ந்துடுச்சு. கோட்டை ஊர்ல வாங்காதீங்க, யார்க் ஜனவரிக்கு அது தாங்காது. இங்க வந்து சாரிட்டி கடைகளைப் பாருங்க, நவம்பர்ல நல்லது வந்து விழும். அண்ணன் என்ன பதில் சொன்னாருன்னு எனக்கு எழுதுங்க, அதுவரைக்கும் ஒரு பைசா அனுப்பாதீங்க.